நிறுவ முடியாத கருவி யாருடையது?

(லுணுகலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இலக்கியம் பற்றியோ மலையக வரலாறு பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால், ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவுவது என்ற சின்ன வேலையின் வழியாகப் பேசுகிறேன். அந்தச் சின்ன வேலையில்தான் நமது பிள்ளைகள் பலர் ஆராய்ச்சியின் வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள் என்பது என் கணிப்பு.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கும் இந்தப் பாதையைச் சுற்றியுள்ள மலைகளில் பாட்டுக்கும் எழுத்துக்கும் பஞ்சமில்லை. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் பிறந்த ஊவாக்கட்டவளைத் தோட்டம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் தாலாட்டும் ஒப்பாரியும் எல்லாம் இங்கே கிடக்கின்றன. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி என்ன கேட்பாள்? ஜோசப்பின் கதைகளில் 'துரை' வரும் இடங்களில் எந்த வினைச்சொற்கள் சேர்ந்து வருகின்றன? ஒப்பாரியில் கடலும் கப்பலும் எத்தனை தடவை வருகின்றன, மலை எத்தனை தடவை வருகிறது? 1920களின் தொழிற்சங்க எழுத்தில் 'கூலி' என்ற சொல் எங்கே ஆளையும் எங்கே சம்பளத்தையும் குறிக்கிறது?

முன்னோர்கள் இதற்காகச் சொல்லடைவு தயாரித்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் அட்டையில் எழுதி, அகரவரிசையில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இன்று பனுவல் கணினிக்குள் வந்துவிட்டால் அதே வேலை ஒரு நிமிடத்தில் முடியும். அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம் மட்டுமல்ல, திறந்த மூலமும்கூட. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் அவை ஏன் இங்கே வரவில்லை? இன்று நான் சொல்ல வந்த ஒரே விடயம் இதுதான்: மூலநிரலை வெளியிட்ட அன்றே ஒரு திறந்த மூல மென்பொருள் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அதற்கு முன் அந்த மென்பொருளைக் கண்டிராத ஒருவர், பக்கத்தில் ஆள் துணையில்லாமல், தன் கையிலுள்ள கணினியில், தன் மொழிப் பனுவலைக் கொடுத்து, சரியான ஒரு விடையைப் பெறுகிறாரே, அன்றுதான் அது முடிகிறது. இடையில் இருக்கும் வேலைக்குப் பொதியாக்கம் என்று பெயர். தமிழுக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை.

1. நம்மிடம் இருப்பவை

முதலில் இருப்பைச் சொல்லிவிடுகிறேன். முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் நிரல்மொழி நூலகம் எழுத்துப் பிரிப்பு, எழுத்துருமாற்றம், சொற்பிழை திருத்தம் முதலியவற்றைச் செய்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெங்காதரஐயர் சர்வேஸ்வரன் முன்னின்று செய்த தமிழிமோர்ஃப், 'தோட்டத்திலிருந்து' என்ற சொல்லைக் கொடுத்தால் பெயர், வேற்றுமை என்று பிரித்துக் காட்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஸ்டான்சா என்ற மொழியாய்வுக் கருவியில் தமிழும் உண்டு. அந்தத் தமிழ் மாதிரிக்கு அடிப்படை, பிராக் நகரில் லோகநாதன் ராமசாமியும் அவரது சக ஆய்வாளரும் இலக்கணக் குறிப்பு இட்டுத் தந்த 600 வாக்கியங்கள். படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக்க டெசராக்ட் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தில் 1985இல் தொடங்கி 2005இல் திறந்த மூலமான அந்த மென்பொருள், 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்புவலை முறையில் தமிழை வாசிக்கிறது.

பனுவல்களும் இருக்கின்றன. லோசானில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலோடு தொடங்கிவைத்த மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்தாகவே தருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து, மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் பெரும்பாலும் பக்கப் படங்களாகப் பாதுகாக்கிறது.

ஆகவே பஞ்சம் இல்லை. உலையும் அரிசியும் இருந்தும் சோறு வேகவில்லை என்பதுதான் நிலை.

2. இடையில் இருக்கும் ஏற்றம்

இனி அந்த மாணவியோடு கூடவே நடந்து பார்ப்போம். பாடசாலைக் கணினி அறையில் ஒரு பழைய விண்டோஸ் இயந்திரம் இருக்கிறது. வீட்டில் அண்ணன் வாங்கிய மடிகணினியும் இருக்கலாம். இணையம் கைபேசியிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் ரீலோட் போட்ட அளவுக்கு.

ஓப்பன்-தமிழை நிறுவ ஒரே வரி போதும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை எங்கே தட்டுவது? முதலில் பைத்தன் வேண்டும். பைத்தனை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் அடையாளமிடாமல் விட்டால், பிறகு கறுப்புத் திரையில் அந்த வரியைத் தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று விடை வரும். கட்டத்தைத் தாண்டி, நூலகத்தையும் நிறுவிவிட்டாள் என்று வைப்போம். நிறுவிய பெயர் ஓப்பன்-தமிழ். நிரலில் அழைக்கவேண்டிய பெயரோ வெறுமனே தமிழ். நிறுவிய பெயரையே அழைத்துப் பார்க்கும் பிள்ளைக்குப் பிழைச்செய்தி வருகிறது. நிரலாளருக்கு இது ஒரு நிமிட விடயம். கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு அன்றைய மாலை அதோடு முடிந்துபோகும்.

உபுண்டுவோ டெபியனோ உள்ள கணினி என்றால் தடை வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து, அதே ஒரு வரியைத் தட்டினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிருவகிக்கப்படுகிறது என்ற பொருளில் நீண்ட ஆங்கிலச் செய்தி வரும். அதன் நோக்கம் நல்லது. இயங்குதளம் தன் தேவைக்கு வைத்திருக்கும் பைத்தனை யாரும் குழப்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால், தனிச்சூழல் ஒன்றை உருவாக்கு என்ற சரியான வழியோடு, கணினியின் பொதிகள் உடைந்தாலும் பரவாயில்லை என்று அனுமதி கொடுக்கும் ஒரு சொல்லையும் அதே செய்தி காட்டிவிடுகிறது. இரண்டில் எது சுருக்கமாக இருக்கிறதோ அதைத்தான் பிள்ளை எடுப்பாள்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தன் 3.12, பழைய பொதிகள் நிறுவலுக்கு நம்பியிருந்த ஓர் உள்நூலகத்தை நீக்கிவிட்டது. அதை நம்பி எழுதி, பிறகு யாரும் கைவைக்காமல் விட்ட பொதிகள் பல புதிய கணினியில் நிறுவப்படாமல் நின்றுவிடுகின்றன. ஆய்வு மாணவர் ஒருவர் பட்டத்துக்காக எழுதிய அருமையான தமிழ்க் கருவி, அவர் வேலைக்குப் போன மூன்றாம் ஆண்டில் இப்படித்தான் சாகிறது. நிரலில் ஒரு பிழையும் இருக்காது. அதைச் சுற்றியிருந்த உலகம் நகர்ந்திருக்கும்.

டெசராக்டுக்கு வாருங்கள். லினக்ஸில் அதை நிறுவினால் ஆங்கிலம் மட்டும் கூடவே வரும். தமிழ் வேண்டுமானால் தமிழ்த் தரவுக்கென்று இருக்கும் வேறொரு பொதியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸுக்கு ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகத்தார் நல்லதொரு நிறுவி தயாரித்துத் தருகிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதிலும் தமிழ், மேலதிக மொழிகள் என்ற மூடிய பட்டியலுக்குள் இருக்கிறது. திறந்து, இறங்கித் தேடி, அடையாளமிட வேண்டும். அந்தத் தரவு அதே நேரத்தில் இணையத்திலிருந்து இறங்கும். இணையம் அறுந்தால் தமிழ் இல்லாத டெசராக்ட் மட்டும் மிஞ்சும்.

ஸ்டான்சாவின் கதை அளவைப் பற்றியது. அது பைடார்ச் என்ற பெரிய நூலகத்தின் மேல் நிற்கிறது. லினக்ஸ் கணினியில் வழக்கமான வழியில் நிறுவினால், கிராபிக்ஸ் அட்டையே இல்லாத இயந்திரத்துக்கும் அந்த அட்டைக்கான என்விடியா நூலகங்கள் சேர்ந்து இறங்கும். மொத்தம் 2 கிகாபைட்டைத் தாண்டிவிடும். அட்டை தேவைப்படாத சிறிய வடிவமும் உண்டு. அது வேறொரு முகவரியில் இருக்கிறது, அந்த முகவரி தெரிந்தவர்களுக்கு மட்டும். மாதத்துக்குப் போட்ட டேட்டா முழுவதும் ஒரு மாலையில் கரைந்துபோய், பாதியில் நின்ற நிறுவலோடு இருக்கும் பிள்ளையிடம் 'இது இலவச மென்பொருள்' என்று எந்த முகத்தோடு சொல்வது?

3. நிறுவியாகிவிட்டது, ஆனால் தமிழ் தெரியவில்லை

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் தடைகள். பிழைச்செய்தி வந்தால் பிழை இருப்பதாவது தெரியும். எனக்கு அதைவிடக் கவலை தருவது, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று சொல்லிவிட்டு, பிழையான விடையை நேர்த்தியான அட்டவணையாகத் தரும் கருவி.

ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். உலகெங்கும் மாணவர்கள் சொல் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தன் நூலகத்தில், எதையும் மாற்றாமல், தமிழ் வாக்கியம் ஒன்றைக் கொடுங்கள். 'தேயிலை' என்ற சொல் பட்டியலில் வரவே வராது. 'கொழுந்து' வராது. 'துரை'யும் வராது. 'மலையகம்' என்ற சொல் 'மல' என்றும் 'யகம' என்றும் இரண்டு துண்டாகும். 'தோட்டம்' என்பதில் 'டம' மட்டும் மிஞ்சும். 'லயம்' புள்ளியை இழந்து 'லயம' என்று நிற்கும்.

காரணம் எளிது. எது சொல் என்பதற்கு அந்த நூலகம் வைத்திருக்கும் இயல்பு விதி, எழுத்தென்று கணினி கருதும் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ இடைவெளியின்றித் தொடர்ந்து வரவேண்டும் என்பது. யுனிகோடில் தமிழின் காலும் கொம்பும் கொக்கியும் புள்ளியும் எழுத்தோடு ஒட்டும் குறிகளாகத் தனியே பதிவானவை. பைத்தனின் வழக்கமான பனுவல்-தேடல் பொறி அவற்றை எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு குறியிலும் சொல் வெட்டுப்படுகிறது. 'தேயிலை' என்பதில் ஒவ்வொரு மெய்யையும் அடுத்து ஒரு குறி வருவதால் இரண்டு எழுத்து சேர்ந்து நிற்கும் இடமே இல்லை. முழுச் சொல்லும் உதிர்ந்துவிடுகிறது. திருத்தம் ஒரே வரிதான். விதியை மாற்றி, இடைவெளியிலும் நிறுத்தக்குறியிலும் மட்டும் பிரிக்கச் சொன்னால் போதும். ஆனால், அந்த ஒரு வரி வேண்டும் என்பதே தெரியாத மாணவிக்கு என்ன கிடைக்கும்? மலையகச் சிறுகதைகளில் தேயிலை என்ற சொல்லே இல்லை என்ற முடிவு, எண்ணோடும் வரைபடத்தோடும் கிடைக்கும். அவள் நம்பமாட்டாள் என்று நாம் நினைக்கலாம். தமிழ் தெரியாத மேற்பார்வையாளரிடம் அந்த அட்டவணை போனால்?

இதுபோன்ற இடறல்கள் இன்னும் இருக்கின்றன. நம் நாட்டில் அச்சான சஞ்சிகைகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. கொமியூனிகேஷன் கடைகளில் இன்றும் பாமினி புழங்குகிறது. பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு ஆங்கிலக் குப்பை. யுனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கருவி அவற்றை ஒருமைப்படுத்தாமல் எண்ணினால் 'கொழுந்து' இரண்டு வெவ்வேறு சொல்லாகப் பட்டியலில் வரும்.

எண்ணிக்கையில் சேர்க்காமல் தள்ளிவிடவேண்டிய பொதுச்சொற்களின் பட்டியல் ஒன்று இவ்வகைக் கருவிகளோடு வரும். 'ஒரு', 'என்று', 'அந்த' போன்றவை அதில் இருக்கும். புழக்கத்திலுள்ள அப்படியொரு தமிழ்ப் பட்டியலில் 'பேர்' என்ற சொல்லும் இருக்கிறது. பொதுத் தமிழுக்கு அது நியாயமே. தோட்டத்தில் பேர் என்பது ஒருநாள் வேலை, ஒருநாள் சம்பளம். பேர் விழுந்ததா, அரைப் பேரா என்பதில் ஒரு குடும்பத்தின் மாதம் அடங்கியிருக்கிறது. அதை வடிகட்டிவிட்டு மலையகத் தொழிலாளர் பேச்சை ஆராய்ந்து என்ன பயன்?

கடைசியாக, எல்லாம் சரியாக நடந்து, விடையை அட்டவணைக் கோப்பாகச் சேமித்து எக்செலில் திறந்தால், தமிழ் முழுவதும் கிறுக்கலாகத் தெரியும். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று இல்லாததுதான் காரணம். அதைச் சேர்ப்பதும் ஒரு சொல் மாற்றம்தான்.

இவற்றையெல்லாம் தனித்தனிச் சிக்கலாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எழுத்துருச் சிக்கல், குறியீட்டுச் சிக்கல், பட்டியல் சிக்கல் என்று. என் பார்வையில் இவை அனைத்தும் பொதியாக்கச் சிக்கல்களே. இயல்பாக எது இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் பொதியைக் கட்டுபவர். தமிழுக்கென்று கட்டும் பொதியில் அந்த ஒரு வரித் திருத்தங்கள் முன்கூட்டியே உள்ளே இருக்கவேண்டும்.

4. நம்மவர்கள் ஏற்கெனவே செய்து காட்டியது

இது நடக்காத காரியம் அல்ல. 2000களின் தொடக்கத்தில் தமிழில் தட்டெழுதுவதே பெரும்பாடாக இருந்தது. எழுத்துருவை ஓரிடத்தில் எடுக்க வேண்டும், விசைப்பலகையை வேறோரிடத்தில் எடுக்க வேண்டும், இரண்டையும் பொருத்த வேண்டும். முகுந்தராஜும் தமிழா! குழுவினரும் எ-கலப்பை என்ற தட்டெழுத்துக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதன் முதற் பதிப்புகளுக்குள் ஓடிய பொறி புதியது அல்ல. வேறொரு நிறுவனத்தின் கீமேன் என்ற பொறி அது. அவர்கள் செய்தது, வேண்டியவற்றை ஒரே நிறுவிக்குள் சேர்த்ததுதான். இரண்டு மூன்று சொடுக்கில் தமிழ் வந்தது. அந்தத் தலைமுறையில் இணையத்தில் எழுத வந்த தமிழர் பலர் அந்த நிறுவியின் வழியாக வந்தவர்கள். புதிய பொறி எழுதியவருக்குக் கொடுக்கும் மரியாதையைப் பொதி கட்டியவருக்கும் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜெர்மனியில் வாழ்ந்த நம் நாட்டவரான சுரதா யாழ்வாணன் இன்னும் ஒரு படி மேலே போனார். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களை யுனிகோடாக மாற்றும் அவரது பொங்குதமிழ் வெறும் ஓர் இணையப் பக்கம். மாற்றும் வேலை உலாவிக்குள்ளேயே நடந்தது. நிறுவல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெளியுலகில் ஓர் உதாரணம் போதும். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஆன்டனி 2002இலிருந்து வெளியிட்டுவரும் ஆன்ட்கொன்க் சொல்லடைவுக் கருவி இலவசம், ஆனால் திறந்த மூலம் அல்ல. அப்படியிருந்தும் மொழி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் அது பரவியதற்கு முக்கியக் காரணம், எடுத்துத் திறந்தால் ஓடும் என்பதே என்று நான் கருதுகிறேன். உள்ளே என்ன நிரல்மொழி இருக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் அறியவேண்டியதில்லை. திறந்த மூலத்தின் பக்கம் நிற்கும் நாம் இதிலிருந்து கற்கவேண்டும். உரிமத்தில் நாம் முன்னே நின்றும் வாசலில் பின்தங்கிவிட்டோம்.

5. லுணுகலைக்கு ஏற்ற பொதி

எப்படிப்பட்ட பொதி வேண்டும் என்று என்னிடம் கேட்டால், பென் ட்ரைவில் வரவேண்டும் என்பேன். இணையம் இல்லாமல் நிறுவப்படவேண்டும். நிர்வாகி கடவுச்சொல் கேட்கக் கூடாது. பாடசாலைக் கணினியின் கடவுச்சொல் பெரும்பாலும் ஒருவரிடம்தான் இருக்கும், அவர் இடமாற்றத்தில் போயிருப்பார். முதல் திரையே தமிழில் இருக்கவேண்டும்.

இதற்கான உத்திகள் புதியவை அல்ல. பைத்தனின் நிறுவு கருவியிலேயே, தேவையான பொதிகள் அனைத்தையும் ஒரு கோப்புறையில் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணையத்தைத் தொடாமல் அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவும் வசதி இருக்கிறது. ஒரு நிபந்தனை: இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே வகை இயங்குதளமும் ஒரே பைத்தன் பதிப்பும் கொண்டிருக்கவேண்டும். ஆகவே பைத்தனையும் சேர்த்தே பொதியில் வைத்துவிடுவது நல்லது. லினக்ஸில் ஆப்இமேஜ், ஃபிளாட்பேக் என்று ஒரே கோப்பாகவோ தனிச்சூழலாகவோ தரும் முறைகள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. ஸ்டெஃபான் சின்கிளேரும் ஜெஃப்ரி ராக்வெல்லும் கனடாவில் உருவாக்கிய வொயன்ட் கருவித்தொகுப்பு, இணையத்தில் ஓடுவதோடு, இறக்கித் தன் கணினியில் ஓட்டும் வடிவத்திலும் கிடைக்கிறது. அந்த வடிவம் கணினிக்குள் ஒரு சிறு சேவையகத்தைத் தொடங்கி, பக்கத்தை உலாவியில் திறக்கும். இதே அமைப்பைத் தமிழுக்குக் கைக்கொள்ளலாம். கணினி அறையில் ஒரேயொரு இயந்திரத்தில் நிறுவினால் போதும். மற்ற இயந்திரங்கள் அறைக்குள் இருக்கும் கம்பி வலையமைப்பு வழியாக, உலாவியிலேயே அதைத் திறந்துகொள்ளும். இருபது தடவை படவேண்டிய பாட்டை ஒரு தடவையில் முடித்துவிடலாம். வெளி இணையமும் வேண்டாம்.

பொதிக்குள் இன்னும் ஒரு பொருளை நான் வலியுறுத்துவேன்: மாதிரிப் பனுவல் ஒன்று, அதற்குக் கிடைக்கவேண்டிய விடைகளோடு. நிறுவி முடிந்ததும் கருவி தானே அந்தப் பனுவலை எண்ணவேண்டும். 'தேயிலை' இத்தனை, 'கொழுந்து' இத்தனை என்று அச்சிட்ட தாளில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒத்துப்போனால் கருவிக்குத் தமிழ் தெரிகிறது என்று பொருள். நிரல் தெரியாத ஆசிரியரும் சரிபார்க்கக்கூடிய சோதனை இது. பொதியை ஒவ்வொரு புதிய பைத்தன் பதிப்புக்கும் மறுபடி கட்டும்போது இயந்திரமும் இதே சோதனையைச் செய்துகொள்ளும்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். பென் ட்ரைவில் கைமாறும் நிரல் ஆபத்தானது அல்லவா என்பது ஒன்று. நியாயமான அச்சம். வெளியீட்டாளர் பெயர் தெரியாத நிறுவியை விண்டோஸ் எச்சரித்து நிறுத்தும். பைத்தன் நிரலை ஒரே கோப்பாக்கும்போது வைரஸ் தடுப்பான்கள் அதைத் தவறாகச் சந்தேகிப்பதும் அடிக்கடி நடக்கிறது. பொதிக்கு மின்கையொப்பம் இடவேண்டும், கோப்பின் சரிபார்ப்பு எண்ணை அச்சில் வெளியிடவேண்டும். எச்சரிக்கையை மதிக்காமல் சொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கட்டளை வரியைப் பழகுவதுதானே கல்வி என்பது மற்றது. பழகட்டும், நல்லது. ஆனால், தன் கேள்விக்கு ஒரு விடை கிடைத்த பிறகு பழகும் பிள்ளை ஆர்வத்தோடு பழகுவாள். கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அதைக் கட்டணமாகக் கேட்பது, கேட்டுப் பழக வாய்ப்புள்ள நகரத்துப் பிள்ளைக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பதாகும்.

6. யார் செய்வது?

பொதியாக்கத்துக்குப் பட்டம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது. புதிய மாதிரியை உருவாக்கினால் ஆய்வுக்கட்டுரை எழுதலாம். பழைய கருவி இன்னும் ஓடுகிறது என்பதை யாரும் கட்டுரையாக ஏற்பதில்லை. நிதியும் கட்டுரையோடு நின்றுவிடுகிறது. 1993இல் தொடங்கிய டெபியன் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு பொதிக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரோ ஒரு குழுவோ பெயர் சொல்லிப் பொறுப்பேற்கிறார்கள். அவர்கள் விலகினால், பொறுப்பாளர் இல்லாத பொதி என்று வெளிப்படையாக அறிவித்து அடுத்த ஆளைத் தேடுகிறார்கள். தமிழ்க் கருவிகளுக்கும் அப்படியொரு பெயர்ப் பட்டியல் வேண்டும்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் யாழ்ப்பாணத்திலும் கணினி படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கு, இருக்கும் ஒரு தமிழ்க் கருவியைப் பொதியாக்கிப் பாடசாலை ஒன்றில் ஓடவைப்பதையும் செயற்றிட்டமாக ஏற்குமாறு துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் கொடுக்கும் முறையும் கடினமில்லை. பொதியை ஒரு தமிழாசிரியர் கையில் கொடுங்கள், மாணவர் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கட்டும், மாதிரிப் பனுவலின் எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

இந்த அறக்கட்டளையாரிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையோடு இன்னொரு பங்கு சேர்த்து, ஒரு பராமரிப்பாளருக்கு ஆண்டுச் சன்மானமாகக் கொடுங்கள். புதிதாக எதையும் எழுதச் சொல்லவேண்டாம். இருப்பதை ஓடும் நிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாதிரிப் பனுவல் எது என்பதையும் இங்கேயே முன்மொழிகிறேன். ஜோசப்பையோ சி.வி.யையோ வைக்கத்தான் மனம் விரும்புகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். சி.வி. மறைந்தது 1984, ஜோசப் மறைந்தது 2022. அவர்களது நூல்களை உரியவர்களின் அனுமதியின்றிப் பொதியில் வைத்துப் பரப்ப முடியாது. கோ. நடேசய்யர் மறைந்தது 1947இல். அவர் எழுதியவை இன்று எல்லோருக்கும் பொதுச்சொத்து. தோட்டத் தொழிலாளருக்காக முதன்முதலில் சங்கம் அமைத்துப் போராடியவரின் எழுத்து, மலையகப் பிள்ளைகள் கையில் எடுக்கும் முதல் பனுவலாக இருப்பது பொருத்தம்.

அதற்கு முதலில் அந்தப் பக்கங்கள் எழுத்தாக வேண்டும். டெசராக்ட் ஓரளவு வாசிக்கும். பழைய அச்சின் லைகார, னைகாரக் கொம்புகளிலும், ணா, றா, னாவின் பழைய வடிவங்களிலும் அது தடுமாறும். இன்றைய எழுத்தில் படித்த பிள்ளைகளும் முதலில் தடுமாறுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர் என்று வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்தினால், இந்த மண்டபத்தில் இருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களே ஒரு தவணை விடுமுறையில் ஒரு சிறு நூலை முடித்துவிடலாம். சொற்களை எண்ணும் தாளையும் அவர்களே கையால் எண்ணித் தயாரிக்கட்டும். இயந்திரத்தின் எண்ணை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வந்து பெயர் கொடுங்கள்.